பழைய ஐ5 கணினியில் மெய்நிகர் ஹெட்செட்: எந்தப் பாகத்தை முதலில் மாற்றுவது?

பாலாற்றங்கரை (வாலாஜாப்பேட்டை)

அனைவருக்கும் வணக்கம். 2015இல் சென்னை ரிச்சி தெருவில் பாகங்களை வாங்கிப் பொருத்திய கேமிங் கணினியைத்தான் இன்றுவரை பயன்படுத்தி வருகிறேன். இன்டெல் கோர் ஐ5-4460 பிராசஸர், எச்81 மதர்போர்டு, 8 ஜி.பி. டி.டி.ஆர்.3 ரேம், என்விடியா ஜி.டி.எக்ஸ். 970 கிராஃபிக்ஸ் கார்டு, 500 வாட் எஸ்.எம்.பி.எஸ். (மின்வழங்கி), விண்டோஸ் 10 ஆகியவை அதில் உள்ளன. 1080பி மானிட்டரில் நான் விளையாடும் எல்லாமே தடங்கலின்றி ஓடுகின்றன. முக்கியமாக, லாஜிடெக் ஜி29 ஸ்டீயரிங்கை மேசையில் பொருத்தி அசெட்டோ கோர்சா என்ற கார் பந்தய விளையாட்டை ஓட்டுவதே மாலை நேரங்களில் எனக்குள்ள பெரிய ஈடுபாடு.

துபாயில் வேலை செய்யும் என் மச்சான் விடுமுறைக்கு வந்தபோது மெட்டா குவெஸ்ட் 3எஸ் ஹெட்செட் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். ஹெட்செட்டுக்குள்ளேயே இருக்கும் விளையாட்டுகள் மிக நன்றாக இருக்கின்றன. ஆனால் ஸ்டீம் லிங்க் என்ற மென்பொருள் வழியாகக் கணினியோடு இணைத்து அசெட்டோ கோர்சாவைத் தொடங்கினால் காட்சி மங்கலாகத் தெரிகிறது, தலையைத் திருப்பும்போது ஓரங்களில் கறுப்புப் பட்டை தோன்றுகிறது, மற்ற கார்கள் அருகில் வந்ததும் எல்லாம் விட்டுவிட்டு நகர்கிறது. சற்று நேரத்திலேயே தலை சுற்றுகிறது. ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ் விளையாட்டும் இதே நிலைதான்.

எனக்குப் புரியாதது இதுதான். 2016இல் ஓகுலஸ் ரிஃப்ட் வெளிவந்தபோது அந்நிறுவனம் பரிந்துரைத்த கணினி ஐ5-4590, ஜி.டி.எக்ஸ். 970, 8 ஜி.பி. ரேம் கொண்டது. என் கணினி அதைவிட ஒரு படிதான் குறைவு. அப்படியிருக்க ஏன் இவ்வளவு திணறுகிறது? கடைக்காரர் ஒருவர் கிராஃபிக்ஸ் கார்டை மட்டும் மாற்றினால் போதும் என்கிறார். நண்பர் ஒருவர் எல்லாவற்றையும் விற்றுவிட்டுப் புதிதாக வாங்கச் சொல்கிறார். இப்போது என்னால் 45,000 ரூபாய் வரை செலவிட முடியும். ஆறேழு மாதம் கழித்து இன்னொரு தொகை புரட்டலாம். எதை முதலில் மாற்றுவது என்று அனுபவமுள்ளவர்கள் காரணத்தோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

கோட்டை அகழி (வேலூர்)

வணக்கம் நண்பரே. உங்கள் ஒப்பீட்டில் இரண்டு விஷயங்கள் விடுபட்டிருக்கின்றன. அவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, 2016இன் ரிஃப்ட்டில் இரு கண்களுக்கும் சேர்த்து 2160 × 1200 பிக்சல்கள், அதாவது சுமார் 26 லட்சம். உங்கள் குவெஸ்ட் 3எஸ்ஸில் ஒரு கண்ணுக்கே 1832 × 1920 இருப்பதால் இரண்டும் சேர்ந்து 70 லட்சத்தைத் தாண்டுகின்றன. 1080பி மானிட்டரில் இருப்பது 21 லட்சத்துக்கும் குறைவு. லென்ஸ் உண்டாக்கும் வளைவைச் சரிசெய்ய, திரையின் அளவைவிடப் பெரிய படத்தை வரைந்து பிறகு அதை வளைக்க வேண்டியிருப்பதால், முழுத் தெளிவில் உண்மையான வேலை இதைவிடவும் அதிகம். 970 கார்டில் 4 ஜி.பி. நினைவகம் இருந்தாலும் அதில் 3.5 ஜி.பி. மட்டுமே முழு வேகத்தில் இயங்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, ரிஃப்ட் எச்.டி.எம்.ஐ. கேபிளில் நேரடியாகக் காட்சியைப் பெற்றது. குவெஸ்ட் அப்படிப் பெறுவதில்லை. கேபிளில் இணைத்தாலும் வைஃபையில் இணைத்தாலும், கணினி ஒவ்வொரு ஃபிரேமையும் (திரைக்கு வரும் ஒவ்வொரு படத்தையும்) வீடியோவாகச் சுருக்கி அனுப்ப, ஹெட்செட் அதை விரித்துக் காட்டுகிறது. சுருக்கும் வேலையைக் கிராஃபிக்ஸ் கார்டில் உள்ள தனிப் பகுதி செய்தாலும், அதை ஒழுங்குபடுத்தும் மென்பொருள்கள் பிராசஸரில்தான் ஓடுகின்றன. நான்கு கோர்களும் நான்கே திரெட்களும் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலை இழைகள்) கொண்ட 4460இல் விளையாட்டே எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டால் இந்த மென்பொருள்களுக்கு இடம் கிடைக்காது. ஓரங்களில் கறுப்புப் பட்டை தெரிவதற்கும், படம் உரிய நேரத்தில் வந்து சேராததே பெரும்பாலும் காரணம்.

மானிட்டரில் சராசரி ஃபிரேம் எண்ணிக்கை நன்றாக இருந்தால் போதும். மெய்நிகரில் அந்தச் சராசரிக்கு மதிப்பே இல்லை. 90 ஹெர்ட்ஸ் என்றால் ஒவ்வொரு ஃபிரேமும் 11.1 மில்லிசெகண்டுக்குள் தயாராக வேண்டும்; 72 ஹெர்ட்ஸ் என்றால் 13.9 மில்லிசெகண்டுக்குள். இந்தக் கெடு அடிக்கடி தவறினால், கண் பார்ப்பதும் காதுக்குள்ளிருக்கும் சமநிலை உறுப்பு உணர்வதும் ஒத்துப்போகாமல் தலைசுற்றல் வருகிறது. ஆகவே எந்தப் பாகத்தால் கெடு தவறுகிறது என்று தெரியாமல் ஒரு ரூபாய்கூடச் செலவிடாதீர்கள் என்பதே என் உறுதியான கருத்து.

அதை அளப்பது எளிது, காசும் தேவையில்லை. ஸ்டீம்வி.ஆர். மென்பொருளின் அமைப்புகளில் ஃபிரேம் நேரத்தைக் காட்டும் வரைபடம் இருக்கிறது. பிராசஸர் எடுக்கும் நேரமும் கிராஃபிக்ஸ் கார்டு எடுக்கும் நேரமும் அதில் தனித்தனியாகத் தெரியும். அசெட்டோ கோர்சாவில் முதலில் எதிர்க் கார்கள் எதுவும் இல்லாமல் தனியாக ஓட்டிப் பாருங்கள். பிறகு அதே பாதையில் இருபது கார்களோடு ஓட்டிப் பாருங்கள். அதன்பின் ரெண்டர் ரெசல்யூஷனை (படம் வரையப்படும் பிக்சல் அளவை) பாதியாகக் குறைத்துவிட்டு இரண்டையும் மறுபடி செய்யுங்கள். ரெசல்யூஷனைக் குறைத்ததும் திணறல் நீங்கினால் குற்றவாளி கிராஃபிக்ஸ் கார்டு. குறைத்தும் நீங்காமல், கார்கள் கூடக்கூட மோசமானால் குற்றவாளி பிராசஸர். அலிக்ஸிலும் இதையே செய்து பாருங்கள். அந்த விளையாட்டு குறைந்தபட்சமாகக் கேட்பதே ஐ5-7500 அல்லது ரைசன் 5 1600, 12 ஜி.பி. ரேம், 6 ஜி.பி. நினைவகமுள்ள கார்டு என்பதால், அதில் திணறல் வருவதில் வியப்பில்லை.

சோதனைக்கு முன் கேபினெட்டைத் திறந்து தூசியை ஊதிவிட்டு, பிராசஸர் மீதுள்ள தெர்மல் பேஸ்ட்டைப் புதுப்பித்துவிடுங்கள். நம் பக்கத்துக் கோடையில், பத்து வருடப் பேஸ்ட்டோடு ஓடும் கணினி சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டால் நீங்கள் அளப்பதெல்லாம் தவறாகிவிடும்.

குடியாத்தம் நெசவாளர்

தம்பி, மேலே சொன்ன சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள். ஆனாலும் பழைய மதர்போர்டை உடனே தூக்கிப்போட வேண்டியதில்லை என்பது என் எண்ணம். நானும் அதே எல்.ஜி.ஏ. 1150 சாக்கெட் உள்ள கணினியைத்தான் வைத்திருக்கிறேன். அதற்கு ஐ7-4770, ஐ7-4790, ஜியான் இ3-1231 வி3 போன்ற பிராசஸர்கள் பழைய பொருள் சந்தையில் கிடைக்கின்றன. நான்கு கோர்களே என்றாலும் எட்டு திரெட்கள். உங்களுடைய 4460 ஹாஸ்வெல் ரெஃப்ரெஷ் வரிசையைச் சேர்ந்தது. அதை ஏற்றிருக்கும் பயாஸ் (மதர்போர்டைத் தொடங்கிவைக்கும் உள் மென்பொருள்) அநேகமாக 4790ஐயும் ஏற்கும். வாங்குவதற்கு முன் மதர்போர்டு தயாரிப்பாளரின் ஆதரவுப் பட்டியலை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ரேமை 16 ஜி.பி. ஆக்கிவிடுங்கள், எச்81 போர்டின் உச்ச வரம்பும் அதுதான். மிச்சப் பணத்தில் நல்ல கிராஃபிக்ஸ் கார்டு வாங்கினால், நாளைக்கு வேறு மதர்போர்டு வாங்கும்போது அந்தக் கார்டு அப்படியே கூட வரும்.

இந்த வழியில் போனால் ஓர் எச்சரிக்கை. எச்81 போர்டில் கிராஃபிக்ஸ் கார்டுக்கான ஸ்லாட் பி.சி.ஐ.இ. (கார்டையும் பிராசஸரையும் இணைக்கும் பாதை) 2.0 வேகத்தில்தான் இயங்கும். தரவு செல்லும் பதினாறு தடங்களும் பயன்பட்டால் ஒரு திசையில் நொடிக்கு 8 ஜி.பி. செல்லும். ஆர்.எக்ஸ். 6600, ஆர்.டி.எக்ஸ். 4060 போன்ற கார்டுகளில் இருப்பதே எட்டுத் தடங்கள்தான். புதிய போர்டுகளில் அது குறையாகத் தெரியாது. உங்கள் போர்டிலோ அந்த வேகம் 4 ஜி.பி.யாகச் சுருங்கிவிடும். கார்டின் நினைவகம் நிரம்பி, கணினியின் ரேமிலிருந்து தரவை இழுக்க வேண்டிவரும்போது அங்கே தட்டும். ஆர்.டி.எக்ஸ். 3060 கார்டில் பதினாறு தடங்களும் 12 ஜி.பி. நினைவகமும் இருக்கின்றன. விலை ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் பழைய போர்டுக்கு அதுவே ஏற்றது. அது 170 வாட் எடுக்கும். 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். வேண்டும் என்பது என்விடியாவின் பரிந்துரை. பத்து வருடம் ஓடிய எஸ்.எம்.பி.எஸ்ஸை நம்பிப் புதுக் கார்டைப் பொருத்த வேண்டாம்.

இன்னொன்று: ரெவெர்ப் ஜி2 போன்ற விண்டோஸ் மிக்ஸட் ரியாலிட்டி ஹெட்செட்டுகள் இப்போது மலிவாக விற்பனைக்கு வருவதைப் பார்த்து, வீடியோவைச் சுருக்கும் சிக்கல் இல்லாமல் நேரடி கேபிளில் ஓடுமே என்று ஆசைப்பட வேண்டாம். அதற்கான மென்பொருளை மைக்ரோசாஃப்ட் 2024இல் வந்த விண்டோஸ் 11 24எச்2 பதிப்பில் நீக்கிவிட்டது. கையில் நல்ல ஹெட்செட் இருக்கும்போது அந்த வம்பு எதற்கு?

பாலாற்றங்கரை (வாலாஜாப்பேட்டை)

இருவருக்கும் நன்றி. தூசியை நீக்கிப் பேஸ்ட்டையும் மாற்றிவிட்டுச் சொன்னபடி அளந்து பார்த்தேன். ஹெட்செட் 90 ஹெர்ட்ஸில் இருந்தது.

அசெட்டோ கோர்சாவில் தனியாக ஓட்டும்போது, ரெசல்யூஷனைக் குறைத்ததும் இரண்டு கோடுகளுமே 11 மில்லிசெகண்டுக்குள் அடங்கிவிட்டன. காட்சி தெளிவில்லை என்றாலும் அசைவு சீராக இருக்கிறது. இருபது கார்களைச் சேர்த்தால் பிராசஸரின் நேரம் அந்த 11 மில்லிசெகண்டைத் தாண்டி மேலேயே நிற்கிறது. ரெசல்யூஷனை எவ்வளவு குறைத்தாலும் அதில் மாற்றமே இல்லை. டாஸ்க் மேனேஜரில் நான்கு கோர்களும் நிறைந்து நிற்கின்றன. அலிக்ஸில் இது தலைகீழ்: ரெசல்யூஷனைக் குறைக்கக் குறைக்க நிலைமை தேறுகிறது, ஆனால் புதிய இடத்துக்குள் நுழையும்போதெல்லாம் ஒரு முறை உறைந்து நின்று பிறகு நகர்கிறது. அப்போது ரேம் முழுவதும் நிரம்பியிருக்கிறது.

ஆக இரண்டு பாகங்களுமே போதவில்லை என்று தெரிகிறது. இப்போதுள்ள பணத்தில் ஒன்றைத்தான் மாற்ற முடியும் என்ற நிலையில், குடியாத்தம் ஐயா சொன்ன ஜியான் வழி போதுமா, அல்லது மதர்போர்டோடு சேர்த்து மாற்றிவிடலாமா?

கோட்டை அகழி (வேலூர்)

நல்ல அளவீடு; இனி ஊகத்துக்கு இடமில்லை. நீங்கள் அதிகம் விரும்புவது பந்தயம், அதுவும் எதிர்க் கார்களோடு ஓட்டும் பந்தயம் என்பதால், முதலில் மாற வேண்டியது பிராசஸரும் அதைத் தாங்கும் போர்டும்தான். ஐயா சொன்ன கணக்கு அலிக்ஸ் போன்ற விளையாட்டை மட்டும் ஆடுபவருக்கு மிகச் சரியாகப் பொருந்தும். எட்டு திரெட்கள் கிடைத்தால் வீடியோ அனுப்பும் மென்பொருளுக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும் என்பதும் உண்மை. ஆனால் இது போன்ற பந்தய விளையாட்டில் வேலையின் பெரும்பகுதி ஒன்றிரண்டு திரெட்களின் மீதே விழுகிறது. அங்கே தேவைப்படுவது ஒரு கோரின் தனி வேகம். ஹாஸ்வெல் காலத்து கோர், திரெட்கள் கூடினாலும், அந்த வேகத்தில் பெரிதாக முன்னேறாது.

என் பரிந்துரை ரைசன் 5 5600 பிராசஸர், பி550 மதர்போர்டு, 16 ஜி.பி. டி.டி.ஆர்.4 3200 ரேம் இரண்டு குச்சிகளாக, கூடவே தரமான 550 அல்லது 650 வாட் எஸ்.எம்.பி.எஸ். ஆறு கோர்கள், பன்னிரண்டு திரெட்கள், 32 எம்.பி. எல்3 கேஷ் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் அதிவேக நினைவகம்) கொண்டது இந்த 5600. பந்தய விளையாட்டில் அந்தக் கேஷ் கண்கூடாகப் பயன் தரும். கடையில் 5600ஜி என்று ஒன்றைக் காட்டி இரண்டும் ஒன்றுதான் என்று சொன்னால் ஏற்காதீர்கள். அதில் கேஷ் பாதிதான், பி.சி.ஐ.இ.யும் 3.0 வரைதான். இன்டெல் பக்கம் போவதானால் ஐ5-12400எஃப் இதற்கு இணையானது. ரேம் விலை 2025 இறுதியிலிருந்து கடுமையாக ஏறியிருப்பதால், முன்பு வேறு கணினியில் ஓடிய டி.டி.ஆர்.4 குச்சிகளைச் சோதித்து வாங்கினாலும் தவறில்லை. ரேம் எளிதில் தேயும் பொருள் அல்ல.

இந்த மாற்றத்தால் இன்னொரு கவலையும் தீரும். நான்காம் தலைமுறை இன்டெல்லை விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. புதிய போர்டில் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி பிராசஸரோடு வந்துவிடுவதால் விண்டோஸ் 11 நேரடியாக ஏறும்.

அதுவரை 970ஐயே வைத்துக்கொண்டு ஹெட்செட்டை 72 ஹெர்ட்ஸுக்கு மாற்றிவிடுங்கள், ஃபிரேமுக்கு 2.8 மில்லிசெகண்ட் கூடுதலாகக் கிடைக்கும். அசெட்டோ கோர்சாவின் வீடியோ அமைப்புகளில் பிரதிபலிப்பு என்ற பகுதியில், ஒரு ஃபிரேமுக்குச் சுற்றுப்புறத்தின் எத்தனை முகங்கள் (பக்கங்கள்) வரைய வேண்டும் என்பதை மிகக் குறைவாக வையுங்கள். காரின் பளபளப்புக்காகச் சுற்றுப்புறத்தை மீண்டும் மீண்டும் வரையும் அந்த வேலை, பிராசஸரையும் சேர்த்தே வதைக்கிறது. நிழலையும் பக்கக் கண்ணாடிகளின் தரத்தையும் அதன்பின் குறைக்கலாம். ஆனால் எட்ஜ் மென்மையாக்கும் எம்.எஸ்.ஏ.ஏ.வை முற்றிலும் அணைக்காதீர்கள். ஹெட்செட்டில் தூரத்து வளைவின் விளிம்பு துடித்துக்கொண்டே இருந்தால் எங்கே பிரேக் அடிப்பது என்று கணிக்கவே முடியாது.

அடுத்த தொகை வந்ததும் கிராஃபிக்ஸ் கார்டு. 970 சேர்ந்த மேக்ஸ்வெல் தலைமுறைக்கான புதிய கேம் ரெடி டிரைவர்களை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டதால், 970க்கு நீண்ட எதிர்காலம் இல்லை. பி550 போர்டில் எட்டுத் தடங்கள் உள்ள கார்டும் பி.சி.ஐ.இ. 4.0 வேகத்தில் முழுமையாக இயங்கும். அப்போது ஐயா சொன்ன தடை உங்களுக்குப் பொருந்தாது.

ரத்தினகிரி வாசி

தம்பி, பாகங்களைப் பற்றி அவர்கள் இருவரும் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். நான் குவெஸ்ட்டை வீட்டில் கணினியோடு இணைத்துப் பயன்படுத்துகிறவள் என்பதால், கணினிக்கு வெளியே உள்ள சிலவற்றைச் சொல்கிறேன்.

உங்கள் கணினி ரவுட்டரோடு வைஃபையில் இணைந்திருந்தால் காட்சி இரண்டு முறை காற்றில் பயணிக்கிறது. எத்தனை ஆயிரம் செலவழித்துக் கணினியை மாற்றினாலும் அந்தத் தடங்கல் போகாது. கணினியிலிருந்து ரவுட்டருக்கு லேன் கேபிள் போட்டு, ஹெட்செட் மட்டும் 5 கிகாஹெர்ட்ஸில், ரவுட்டர் இருக்கும் அறையிலேயே இணையுமாறு செய்யுங்கள். இணையத் திட்டத்தின் வேகம் இதில் ஒரு பொருட்டே அல்ல. வீட்டுக்குள் ரவுட்டர் கடத்தும் வேகம்தான் முக்கியம். நீங்கள் உட்கார்ந்து ஓட்டுகிறவர் என்பதால் யு.எஸ்.பி. கேபிளும் தொந்தரவாக இருக்காது. நீலநிற யு.எஸ்.பி. 3.0 துளையில் செருகி, மெட்டாவின் மென்பொருளில் உள்ள கேபிள் சோதனையை ஓட்டிப் பார்த்துவிட்டு இரண்டில் எது சீராக இருக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

யு.பி.எஸ். பற்றி யாரும் சொல்லவில்லை. வீடுகளில் பரவலாக இருக்கும் 600 வி.ஏ. யு.பி.எஸ். ஏறக்குறைய 360 வாட் வரைதான் தாங்கும். 170 வாட் கார்டும் புதிய பிராசஸரும் மானிட்டரும் முழுவீச்சில் ஓடும்போது மின்சாரம் போனால், அது சத்தமிட்டு அப்படியே அணைந்துவிட வாய்ப்பு உண்டு. கார்டு வாங்கும்போது 1000 வி.ஏ.வுக்குக் குறையாத யு.பி.எஸ்ஸையும் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

அலிக்ஸைப் பெரும்பாலும் நின்றுகொண்டுதான் ஆடுவோம். அதற்கு இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் காலியிடம் இருந்தால் நல்லது என்பது எல்லோருக்கும் தெரியும். தலைக்கு மேலே யாரும் பார்ப்பதில்லை. கையெறிகுண்டை வீசக் கையை உயர்த்தும்போது மின்விசிறியின் இறக்கை எட்டுமா என்று, ஹெட்செட்டைப் போடுவதற்கு முன்பே கையில் கன்ட்ரோலரைப் பிடித்து உயர்த்திப் பாருங்கள். எட்டினால் அந்த அறையில் மேசை விசிறிதான் சரி. முகத்தில் காற்றுப் படும்படி அதை ஒரே திசையில் வைத்தால், எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறோம் என்றும் தெரியும், லென்ஸில் வியர்வை ஆவியும் படியாது. ஹெட்செட்டை ஜன்னலோரம் வைக்கவே கூடாது. வெயில் நேராக லென்ஸில் விழுந்தால் அது குவிந்து உள்ளேயுள்ள திரையைச் சுட்டுவிடும். நம் ஊர் வெயிலுக்கு அதிக நேரம் தேவைப்படாது.

பாலாற்றங்கரை (வாலாஜாப்பேட்டை)

அக்காவுக்கும் மற்ற இருவருக்கும் மிக்க நன்றி. கணினி இதுவரை வைஃபையில்தான் இருந்தது. லேன் கேபிள் போட்டதும் கறுப்புப் பட்டை பெரும்பாலும் போய்விட்டது. 72 ஹெர்ட்ஸிலும், பிரதிபலிப்பைக் குறைத்த பிறகும், எட்டு கார்கள் வரை தலைசுற்றல் இல்லாமல் ஓட்ட முடிகிறது. 5600, ரேம், எஸ்.எம்.பி.எஸ். ஆகியவற்றை இப்போதே வாங்குவது என்று முடிவு செய்துவிட்டேன். வேலூரில் ஒரு கடையில் பி550 இல்லை, பி450 போர்டுதான் இருக்கிறது என்கிறார்கள், விலையும் குறைவு. அதை வாங்கலாமா, அல்லது சென்னைக்குப் போய் வரலாமா?

கோட்டை அகழி (வேலூர்)

பி450 தாராளமாகப் போதும். இரண்டு நிபந்தனைகள் மட்டும். பழைய இருப்பாக இருந்தால் அதன் பயாஸ் 5000 வரிசைக்கு முந்தையதாக இருக்கலாம். அப்படியானால் 5600ஐப் பொருத்தினாலும் திரையில் எதுவும் வராது. கடையிலேயே பயாஸைப் புதுப்பித்து, உங்கள் பிராசஸரைப் பொருத்தி, திரையில் படம் வருவதைக் கண்ணால் பார்த்த பிறகு பணம் கொடுங்கள். அடுத்து, பி450இல் கார்டு ஸ்லாட் பி.சி.ஐ.இ. 3.0 வேகம்தான் என்பதால், பின்னர் கார்டு வாங்கும்போது பதினாறு தடங்கள் உள்ளதற்கே முன்னுரிமை கொடுங்கள். எட்டுத் தடக் கார்டு இதில் ஓடாது என்பதில்லை. உங்கள் இப்போதைய போர்டில் ஏற்படும் அளவுக்கு இழப்பும் இராது. பிராசஸரைப் பெட்டியோடு வாங்கினால் அதற்கான கூலர் உள்ளேயே இருக்கும். 65 வாட் பிராசஸருக்கு இப்போதைக்கு அதுவே போதும், தனிக் கூலருக்கான பணத்தைக் கார்டுக்கு ஒதுக்கி வையுங்கள்.